‘ஊசி போட்டுடலாமா?’: தீராத நோயில் படுத்த பிராணிக்காக முடிவெடுப்பது

‘ஊசி போட்டுடலாமா’ என்ற கேள்வியை யாரும் முழுசாகக் கேட்பதில்லை. எந்த ஊசி, எதற்கு என்று சொல்லாமலே, தீராத நோயில் கிடக்கும் பிராணியின் உயிரை வேதனையில்லாமல் போக்கும் ஊசிதான் என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். எங்கள் வீட்டில் அதை முதலில் கேட்டவன் தம்பி. இரவு இரண்டு மணி இருக்கும். பின்கட்டில் எங்கள் நாய் செம்பி மூச்சு வாங்கிக்கொண்டு, படுப்பதும் எழுவதும் இடம் மாறிப் படுப்பதுமாக இருந்தாள். அம்மா பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்தப் பேச்சு அன்றைக்கு அதோடு நின்றது. மறுபடி அதை எடுக்க எங்களுக்குப் பதினொரு நாள் ஆயிற்று. அந்த நாட்களில் தெரியாமல் செய்த தவறுகளையும், பிறகு படித்தும் கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இதே இரவு இன்னும் எத்தனையோ வீடுகளில் வரும்.

செம்பி நாட்டு நாய். சாக்கடை ஓரத்தில் குட்டியாகக் கிடந்து எங்களோடு வந்தவள். பதின்மூன்று வயது. தண்ணீர் அதிகமாகக் குடித்தாள், அடிக்கடி சிறுநீர் கழித்தாள். ‘வெயில் காலம்தானே’ என்று இருந்துவிட்டோம். சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளத் தொடங்கிய பிறகுதான் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 6.8. சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள்.

சிறுநீரகத்தின் கதை கொஞ்சம் விசித்திரமானது. அது தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டே வெளியே ஒன்றும் காட்டாமல் ஓடும். அதன் வேலைத்திறனில் முக்கால் பங்கு போன பிறகுதான் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறும். நாய்களுக்கு அந்த அளவு 5ஐத் தாண்டினால் நான்காம் நிலை, அதாவது கடைசி நிலை என்று உலகெங்கும் மருத்துவர்கள் வகுத்திருக்கிறார்கள். ஆனால் அந்த அளவுகோலுக்கு ஒரு நிபந்தனை உண்டு. உடலில் நீர் வற்றிப்போயிருக்கும்போது எடுத்த எண்ணை வைத்து நிலையைத் தீர்மானிக்கக் கூடாது. டிரிப்ஸ் ஏற்றி, உடல் நிலைப்பட்ட பிறகு மறுபடி பார்க்க வேண்டும். நாங்கள் முதலில் போன இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. மூன்று நாள் டிரிப்ஸுக்குப் பிறகு செம்பியின் எண் 5.4 ஆக இறங்கியது. அப்போதும் கடைசி நிலைதான். ஆனால் அவள் எழுந்து வாசல்வரை வந்தாள், கொஞ்சம் தயிர்ச்சோறு தின்றாள். இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் ரிப்போர்ட்டை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “பேப்பர்ல இருக்கிறது கிட்னிதான் சார். நாய் கீழ படுத்திருக்கு, அதைப் பாருங்க.”

முடிவைப் பற்றி யோசிக்கும் முன் நோய் என்னவென்று உறுதியாகத் தெரிந்திருக்க வேண்டும். சொல்வதற்கு எளிது. ஆனால் நம் ஊரில் எத்தனை பிராணிகள் தவறான பெயருக்குப் பலியாகின்றன என்று நினைத்தால் மனம் ஆறாது. தெருவில் சுற்றிய நாய்க்குப் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போலக் கட்டி வந்து ரத்தம் கசியும். ‘கேன்சர்’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள், வீட்டில் எல்லோரும் கையைக் கழுவிவிடுவார்கள். அது கேன்சர்தான். ஆனால் நாயிலிருந்து நாய்க்கு இணைசேர்க்கையில் தொற்றும் இந்தக் கட்டி, வாரம் ஒருமுறை வின்கிரிஸ்டின் ஊசி சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் முழுசாகக் கரைந்துவிடும். உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். வயதான நாய் சாப்பிடாமல், ஈறு வெளுத்து, எழுந்திருக்காமல் கிடந்தால் ‘வயசாயிடுச்சு’ என்று முடிவு கட்டுகிறோம். எர்லிக்கியா கிருமியாக இருந்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை தொடங்கிய சில நாளில் அதே நாய் எழுந்து நிற்பதைப் பார்க்கலாம். வயது ஒரு நோயல்ல. ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் ஒரு ஸ்கேன், முடிந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்து. இவை இல்லாமல் ‘ஊசி’ என்ற வார்த்தையை வீட்டுக்குள் விடக் கூடாது.

மறுபக்கமும் இருக்கிறது. நோய் உறுதியாகத் தெரிந்து, தீராது என்றும் தெரிந்த பிறகு நம் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் ‘தானாப் போகட்டும்’. அன்பினால் சொல்வதுதான். பாவம் நம் கையில் வேண்டாமே என்ற பயமும் அதில் இருக்கிறது. ‘ராத்திரி தூக்கத்துலயே போயிடும்’ என்று எல்லோரும் நம்புகிறோம். அப்படிப் போகிற பிராணிகள் குறைவு. சிறுநீரகம் முற்றிலும் நின்ற நாய்க்கு ரத்தத்தில் கழிவு தேங்கும். வாயில் புண் வரும், மூச்சில் மூத்திர வாடை அடிக்கும், குமட்டல் ஓயாது, வெறும் வயிற்றோடு ஓங்கரிக்கும், கடைசியில் வலிப்பு வரலாம். இதற்கெல்லாம் நாட்கணக்கு ஆகும். இதயம் பெருத்த நாய்க்கு நுரையீரலில் நீர் கோத்து, படுக்கவும் முடியாமல் முட்டிகளை அகட்டி உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடும். ஒன்றும் செய்யாமல் இருப்பதும் நாம் எடுக்கும் முடிவுதான். அந்த முடிவின் வலியை நாம் அனுபவிப்பதில்லை, பிராணி அனுபவிக்கிறது. இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

ஆனால் வைத்தியம், ஊசி என்று இரண்டே கதவுகள் இருப்பதாக நினைத்துத் தவித்ததும் எங்கள் தவறுதான். இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய முற்றம் இருக்கிறது. நோயைக் குணப்படுத்தும் முயற்சியை விட்டுவிட்டு, மிச்ச நாட்களை வலியில்லாமல் கழிக்கச் செய்வது. மனிதர்களுக்கு வலிதணிப்புச் சிகிச்சை என்று சொல்கிறார்களே, அதேதான். இதைக் கேட்டால் பெரும்பாலான கால்நடை மருத்துவர்கள் சொல்லித் தருவார்கள். கேட்க வேண்டியது நாம்தான். ‘இனி ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டு வர வேண்டாம், வீட்டுலயே எப்படிப் பாத்துக்கலாம்’ என்று ஒரு வாக்கியம் போதும். செம்பிக்குத் தோலுக்கடியில் திரவம் ஏற்றுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். முதுகுத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, ஊசியை உள்ளே விட்டு, பாட்டிலை ஜன்னல் கம்பியில் மாட்டிவிட வேண்டும். தோலுக்கடியில் ஒரு சின்னப் பொதிபோல வீங்கி, சில மணி நேரத்தில் உடம்பு அதை இழுத்துக்கொள்ளும். முதல் நாள் என் கை நடுங்கியது. நான்காம் நாள் அவள் அந்த நேரத்தில் என் மடியிலேயே தூங்கினாள். குமட்டலை அடக்க ஊசி இருக்கிறது. அதைப் போட்ட அன்று மாலையே பசி திரும்பியது. அந்த ஒரு மருந்தை முதல் வாரமே கேட்டிருந்தால் எத்தனை வேளைச் சோறு அவள் வயிற்றில் இறங்கியிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

படுத்த படுக்கையாகிவிட்ட பிராணிக்கு மருந்தைவிட முக்கியமான வேலைகள் உண்டு. சில மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பெலும்பும் முழங்கையும் தரையில் அழுந்திப் படுக்கைப்புண் வந்துவிடும். சிமெண்டுத் தரையில் சாக்கு மட்டும் போதாது, பழைய மெத்தை வேண்டும். சிறுநீர் நனைந்த ரோமத்தைத் துடைத்து உலர்த்த வேண்டும். நம் வெயிலில் ஈரமான புண்ணில் ஈ மொய்த்தால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். அதற்குப் பிறகு அந்தப் பிராணி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பகலெல்லாம் ஆள் இல்லாத வீட்டில் இதைச் செய்ய முடியுமா என்று நேர்மையாகக் கேட்டுக்கொள்வதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். முடியாவிட்டால் அது குற்றமல்ல. முடியாது என்று தெரிந்தும் செய்வதுபோல் பாவனை செய்து விட்டுவிடுவதுதான் தவறு.

நம் மருந்துப் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பூனைக்கு ஒரு பாராசிட்டமால் மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். அதைச் சிதைக்கத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் போதுமான அளவு இல்லை. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பாகி, முகம் வீங்கிச் செத்துப்போகும். நாய்க்கு இபுபுரூஃபனும் டைக்ளோஃபெனாக்கும் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். வலிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. எதை, எவ்வளவு என்பதை எடையும் நோயும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

எப்போது என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு ஒரு தேதி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பார்க்க ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு விஷயங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35க்கு மேல் இருந்தால் பராமரிப்பைத் தொடரலாம் என்பது அவர் சொன்ன பொதுக்கணக்கு. வலியை முதலில் வைத்து, மூச்சுத் திணறலையும் அதற்குள்ளேயே சேர்த்திருக்கிறார். இந்தக் கணக்கு ஒரு தராசுபோல ‘இன்று சரி, நாளை சரியில்லை’ என்று காட்டிவிடாது. அதன் பயன் வேறு. தினமும் பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு மெதுவான சரிவு கண்ணில் படாது. எழுதி வைத்தால்தான் படும்.

எங்களுக்கு மதிப்பெண் போட மனம் வரவில்லை. சமையலறையில் மாதக் காலண்டரில் அம்மா பால் கணக்கு எழுதுவாள். அந்தக் கட்டத்தின் மூலையில் ஒரு புள்ளி வைக்கத் தொடங்கினோம். நல்ல நாளுக்கு நீலம், கெட்ட நாளுக்குச் சிவப்பு. ஆனால் ‘நல்ல நாள்’ என்றால் என்ன என்பதை முன்பே முடிவு செய்துகொண்டோம். அதுதான் நாங்கள் செய்த உருப்படியான காரியம். செம்பிக்கு மூன்று விஷயம் பிடிக்கும்: அப்பா வண்டிச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடுவது, மாலையில் தெருமுனைவரை நடந்து ஒவ்வொரு கம்பத்தையும் முகர்வது, அம்மா தேங்காய் துருவும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சில்லு வாங்கிக்கொள்வது. மூன்றில் இரண்டு விஷயமாவது நடந்தால் நீலம். இல்லாவிட்டால் சிவப்பு. இதைக் கலக்கம் வராத நாளிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மூச்சு வாங்கும் நாயின் முன்னால் உட்கார்ந்து யாராலும் நிதானமாக யோசிக்க முடியாது.

ஏன் இந்தக் கணக்கெல்லாம் என்றால், பிராணிகள் நம்மை ஏமாற்றிவிடும். வேண்டுமென்று அல்ல. வலியை வெளியே காட்டாமல் இருப்பது அவற்றின் பிறவிக்குணம். நாய் தாங்க முடியாத வலியிலும் நம்மைக் கண்டால் வாலை ஆட்டும். லாப்ரடார் போன்றவை கடைசி நாள்வரை சாப்பிடும், ‘சாப்பிடுதே, நல்லாத்தானே இருக்கு’ என்று நாம் நம்பிவிடுவோம். பூனை பயத்திலும் வலியிலும்கூடத் தொண்டைக்குள் குர்குர் என்று சத்தமிட்டுத் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளும், அந்தச் சத்தத்தைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டிலுக்கடியில், அலமாரிக்குப் பின்னால் போய் முடங்குவதுதான் பூனையின் முறையீடு. ‘பூனை சாகப் போறப்போ வீட்டை விட்டுப் போயிடும்’ என்று ஊரில் சொல்வார்களே, அது இதுதான். உடம்பு முடியாத விலங்கு யார் கண்ணிலும் படாத இடம் தேடும். பார்க்க வேண்டிய அடையாளங்கள் சின்னவை: ஓய்வில் இருக்கும்போதே மூச்சு வாங்குவது, இரவில் இடம் மாற்றி மாற்றிப் படுப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டே இருப்பது, தொட்டால் உடம்பைச் சுருக்குவது, பழகிய குரலுக்குக் காது திரும்பாமல் இருப்பது. இதய நோயுள்ள நாய் தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை முறை மார்பு ஏறி இறங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 30ஐத் தாண்டத் தொடங்கினால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும்.

காலண்டரில் புள்ளி வைக்க அவகாசம் தராத நிலைகளும் உண்டு. பெரிய நாய்க்கு வயிறு முறுக்கி உப்பினால், மண்ணீரல் கட்டி உள்ளே உடைந்து ஈறு திடீரென்று வெள்ளைத் தாளாக வெளுத்தால், பூனைக்கு ரத்தக்கட்டி அடைத்துப் பின்னங்கால்கள் இரண்டும் சில்லிட்டுச் செயலிழந்து அலறினால், முடிவு மணிக்கணக்கில் வரும். அப்போது அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பிருக்கிறதா, செலவுக்கு வழியிருக்கிறதா, இல்லாவிட்டால் வலியை இப்போதே நிறுத்துவதா என்று அங்கேயே சொல்ல வேண்டியிருக்கும். பணம் இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, தாங்க முடியாத வைத்தியத்துக்குத் தலையாட்டிவிட்டுப் பாதியில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். முதலிலேயே சொல்லிவிட்டால் மருத்துவர் அதற்குத் தக்க வழி சொல்வார். வெறிநாய்க்கடி நோய் என்ற சந்தேகம் மட்டும் எல்லாவற்றிலிருந்தும் தனி. அதற்கு மருந்து கிடையாது, வீட்டுப் பராமரிப்பும் கிடையாது. கையால் தொடாமல் தனியே அடைத்து, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். எச்சில் பட்டவர்கள் அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும்.

பாவம் என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. எங்கள் அம்மாவின் மௌனத்துக்கு அதுதான் காரணம். “உயிரைக் கொடுக்க முடியாத நமக்கு எடுக்க என்ன அதிகாரம் இருக்கு?” என்றாள் ஒருநாள். இதே கேள்வி கிட்டத்தட்ட இதே சொற்களில் 1928இல் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியிடம் கேட்கப்பட்டது. அங்கே ஒரு கன்று தீராத நோயில் படுத்து, புரண்டு படுக்கவும் முடியாமல் வலியில் கிடந்தது. மருத்துவர் கைவிட்டுவிட்டார். ஆசிரமத்தாரோடு காந்தி ஆலோசித்தார். ஒருவர் கடுமையாக எதிர்த்தார். கடைசியில் மருத்துவரை வரவழைத்து, தான் பக்கத்தில் நிற்க, ஊசி போடச் சொன்னார். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. அதை மறைக்காமல் ‘நவஜீவன்’, ‘யங் இந்தியா’ இதழ்களில் எழுதவும் செய்தார். அகிம்சையைப் போதித்தவர் கன்றைக் கொன்றார் என்று கோபக் கடிதங்கள் குவிந்தன.

அந்த எழுத்தில் எனக்கு உதவியது அவர் பிரித்துக் காட்டிய ஒரு கோடு. அதே கட்டுரையின் அடுத்த பகுதியில் ஆசிரமப் பயிரை அழிக்கும் குரங்குகளைப் பற்றிப் பேசுகிறார். அவற்றைக் கொன்றால் அது ஹிம்சைதான், ஏனென்றால் அது நம் சுயநலத்துக்காக. கன்றின் விஷயத்தில் அப்படியல்ல, அதன் வேதனையைத் தீர்க்க வேறு எந்த வழியும் இல்லாதபோது அதன் பொருட்டே செய்தது என்கிறார். இதை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோட்டை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்துப் பார்த்தால் கேள்வி தெளிவாகிவிடும். இப்போது தீர வேண்டியது யாருடைய வேதனை? ராத்திரித் தூக்கம் கெடுகிறது, வீடு நாறுகிறது, பார்க்கச் சகிக்கவில்லை என்பவை நம் வேதனைகள். அவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும். ‘இல்லாம எப்படி இருப்பேன்’ என்று தள்ளிப்போடுவதும் நம் வேதனைதான். அதற்காக அதன் வலியை நீட்டவும் கூடாது. எனக்கு இது இரண்டு பக்கமும் வெட்டியது. நியாயமாகத்தான் வெட்டியது.

சட்டமும் ஏறக்குறைய இதே இடத்தில்தான் நிற்கிறது. 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, ஒரு விலங்கை உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற நிலை ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. அதே சட்டத்தின் 11ஆவது பிரிவு, தேவையில்லாமல் கொடூரமாகக் கொல்வதைக் குற்றம் என்கிறது. இதயத்தில் ஸ்ட்ரிக்னைன் என்ற விஷ ஊசி போடுவதைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. பட்டினியும் தாகமும் வரக்கூடிய நிலையில் பிராணியைக் கைவிடுவதும் அதே பிரிவில் குற்றம்தான். கிழட்டு நாயை வண்டியில் ஏற்றிப் புறவழிச்சாலையில் இறக்கிவிட்டு வருபவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தெருநாய்களுக்கான 2023ஆம் ஆண்டின் விதிகளும், தீராத நோயுற்ற அல்லது பிழைக்க வழியில்லாத காயம்பட்ட நாய்க்கு மட்டும், தகுதி பெற்ற கால்நடை மருத்துவர் கையால், வேதனையில்லாத முறையில் உயிரை எடுக்கலாம் என்று வரையறுக்கின்றன. நரம்பில் சோடியம் பென்டோபார்பிட்டால் ஏற்றுவதை அந்த விதியே குறிப்பிடுகிறது.

பென்டோபார்பிட்டால் ஒரு மயக்க மருந்து. அதையே அளவுக்கு மிஞ்சிக் கொடுக்கிறார்கள். முதலில் மூளை உறங்கும், பிறகு மூச்சு நிற்கும், கடைசியில் இதயம். இந்த வரிசைதான் முக்கியம். நினைவு போன பிறகுதான் மற்றவை நிற்கின்றன. அது கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து, எல்லா மருத்துவரிடமும் இருக்காது. அதனால் நம் நாட்டில் பலர் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்தைக் கொடுத்து, ஆழ்ந்த மயக்கம் உறுதியான பிறகு இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடோ மெக்னீசியம் சல்ஃபேட்டோ ஏற்றுகிறார்கள். மயக்கம் ஆழமாக இருந்தால் இதுவும் ஏற்கத்தக்க முறைதான். மயக்கமில்லாமல் இரண்டாவது மருந்தை மட்டும் ஏற்றுவது கொடூரம். எனவே தயங்காமல் கேளுங்கள்: முதல் ஊசி என்ன? இரண்டாவது போடும்போது அதற்கு நினைவு இருக்குமா? முடிந்தபின் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்ப்பீர்களா? நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். இதைச் செய்வது அவர்களுக்கும் லேசான காரியமல்ல. எங்கள் மருத்துவர் கையுறையைக் கழற்றிவிட்டு வெகுநேரம் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

முன்கூட்டியே சொல்லி வைத்தால் அதிர்ச்சி குறையும் விஷயங்கள் சில. முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி போடச் சொல்லலாம். ஐந்து, பத்து நிமிடத்தில் தலை தொய்ந்து தூங்கிவிடும், அதன் பிறகுதான் நரம்பு தேடுவார்கள். நீர் வற்றிய கிழட்டு உடம்பில் நரம்பு லேசில் கிடைக்காது, மயக்கத்தில் இருந்தால் அந்தத் தேடல் அதற்குத் தெரியாது. கண்கள் மூடாது. உயிர் போன பிறகும் திறந்தேதான் இருக்கும். ஓரிரு முறை நெஞ்சு ஏங்கி மூச்சு இழுப்பதுபோல இருக்கும், தோல் துடிக்கும், சிறுநீர் கழியும். ‘இன்னும் உயிர் இருக்கே’ என்று பதறவேண்டாம், அது நினைவற்ற உடம்பின் அசைவு. வீட்டுக்கு வர ஒப்புக்கொள்ளும் மருத்துவர் கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை. ஆஸ்பத்திரி வாசனையே பல நாய்களுக்கு நடுக்கம் தரும். கிடைக்காவிட்டால் கூட்டம் இல்லாத நேரம் கேட்டு வாங்கி, பழகிய விரிப்போடு தூக்கிப் போங்கள். பக்கத்தில் இருக்க முடிந்தவர்கள் இருங்கள். முடியாதவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஆனால் பழகிய ஒரு கையாவது அதன் தலையில் இருக்கட்டும்.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. பென்டோபார்பிட்டால் செத்த உடம்பிலும் நெடுநாள் தங்கும். அதைத் தின்னும் காக்கையும் பருந்தும் தெருநாயும் மயங்கிச் சாகக்கூடும். குப்பைமேட்டில் போடவே கூடாது. புதைத்தால் நாய் தோண்ட முடியாத ஆழம் வேண்டும், கிணற்றுக்கு அருகில் வேண்டாம். பெருநகரங்களில் செல்லப் பிராணிகளுக்கான தகன மேடைகள் இருக்கின்றன. எங்கே, எப்படி என்பதை முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொண்டால் அந்த நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.

சின்னக் குழந்தைகளிடம் ‘தூங்க வெச்சுட்டோம்’ என்று சொல்லாமல் இருப்பது நல்லது. அக்கா மகள் அப்படிக் கேட்டுவிட்டு இரண்டு இரவு தூங்க மறுத்தாள். ‘உடம்பு ரொம்ப முடியாமப் போச்சு, சரியாக்க முடியல, செத்துப்போச்சு, இனி வராது’ என்று சொன்ன பிறகு அழுதாள், நிறையக் கேள்வி கேட்டாள், தூங்கினாள். வீட்டில் இன்னொரு பிராணி இருந்தால் உடலை முகர்ந்து பார்க்க விடுங்கள். எங்கள் பூனை ஒருமுறை சுற்றி வந்து, காதருகே முகர்ந்துவிட்டுப் போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டது.

‘இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமோ’, ‘ஒரு வாரம் முன்னாடியே செஞ்சிருக்கணுமோ’ என்ற இரண்டு எண்ணமும் ஒரே மனதில் மாறி மாறி வரும். எனக்கு இன்னும் வருகிறது. ஒரு கருத்து மட்டும் எனக்கு உறுதியாக இருக்கிறது. தீராத நோயில், வலியையும் மூச்சையும் மருந்தால் அடக்க முடியாத கட்டத்தில், ஒரு நாள் முந்திவிட்டால் அது இழப்பது ஒரு பாதி நாள். ஒரு நாள் பிந்திவிட்டால் அது படுவது முழு நாள். மருத்துவர்கள் பலர், ஏறக்குறைய எல்லோரும், இதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை காலண்டரைப் பார்த்தவள் அம்மாதான். கடைசி ஐந்து கட்டத்தில் நான்கு சிவப்பு. தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். செம்பி சமையலறை வாசல்வரைகூட வரவில்லை. அம்மா ஒரு சில்லை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். செம்பி முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள். அம்மா உள்ளே வந்து, “டாக்டருக்கு போன் பண்ணுடா, வீட்டுக்கே வரச் சொல்லு” என்றாள். சாயங்காலம் நாலரைக்கு வந்தார். அப்பா தன் வண்டியை ஒருமுறை ஸ்டார்ட் செய்து நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். செம்பியின் காது திரும்பியது.

மறுநாள் காலை பால்காரர் மணியடித்தபோது அம்மா பாத்திரத்தோடு போனாள். “நாளையிலேர்ந்து அரை லிட்டர் குறைச்சுக்கப்பா” என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வழக்கமாகத் தன் சைக்கிளைச் சுற்றி வரும் நாயைக் காணாமல் வாசலைப் பார்த்தார், பிறகு ஊற்றிவிட்டுப் போனார். அம்மா உள்ளே வந்து காலண்டரில் அன்றைய கணக்கை எழுதினாள். மூலையில் புள்ளி வைக்கவில்லை.